ஆறு பெரும்பொழுதும் ஒரே காட்டில்: சவுத் மவுண்டன் ரிசர்வேஷனை ஆண்டு முழுவதும் அனுபவிக்க ஒரு வழிகாட்டி

நியூயார்க் பென் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் நியூஜெர்சியின் மில்பர்ன் நிலையத்தில் இறங்கலாம். நிலையத்தை ஒட்டியுள்ள கிளென் அவென்யூவைக் கடந்தால் லோகஸ்ட் க்ரோவ் என்னும் பிக்னிக் திடல் இருக்கிறது; அதன் முதுகிலேயே காடு மலையேறத் தொடங்கிவிடுகிறது. எசெக்ஸ் கவுன்ட்டியின் (நம் மாவட்டம் போன்ற ஆட்சிப்பகுதி) பூங்காக்களில் மிகப் பெரியதான சவுத் மவுண்டன் ரிசர்வேஷனின் தெற்கு வாசல் இதுதான். மில்பர்ன், மேப்பிள்வுட், வெஸ்ட் ஆரஞ்சு ஆகிய ஊர்களுக்கு நடுவில் 2,000 ஏக்கருக்கும் மேல் பரந்திருக்கும் இந்தக் காட்டுக்குப் பெரும்பாலானோர் ஜூலையில் ஒரு முறை, இலை சிவக்கும் அக்டோபரில் ஒரு முறை என வந்துபோகிறார்கள். மற்றப் பத்து மாதங்களிலும் இங்கே நடக்கலாம், உண்ணலாம், உட்கார்ந்திருக்கலாம். ஒவ்வொரு பருவத்துக்கும் எந்தத் தடம், எந்த நேரம், எந்தத் திடல் என்று தெரிந்திருந்தால் போதும். அதைச் சொல்வதற்காகவே இவ்வழிகாட்டி.

ஆண்டை நான்காகப் பிரிப்பது அமெரிக்க வழக்கம். ஆனால் இந்தக் காட்டில் சில ஆண்டுகள் நடந்த பிறகு, நம் இலக்கணம் சொல்லும் ஆறு பெரும்பொழுதுகளே இங்கு நடப்பவருக்கு அதிகம் பயன்படுகின்றன என்று எனக்குத் தோன்றியது. பனி பெய்யும் காலத்தையும் பனி விலகும் காலத்தையும் முன்பனி, பின்பனி என்று தனித்தனியே வைத்துப் பார்ப்பது, எந்தக் காலணியை அணிவது என்பதிலிருந்து எந்தப் பாதையைத் தவிர்ப்பது என்பதுவரை உதவுகிறது. ஆகவே கீழே பருவங்களை அந்த வரிசையிலேயே கொடுத்திருக்கிறேன்.

முதற்படி: நிலத்தை அறிதல்

வாட்சுங் மலைத்தொடரின் முதல் முகட்டுக்கும் இரண்டாம் முகட்டுக்கும் இடையில் கிடக்கும் நீண்ட பள்ளத்தாக்கும் அதன் இருபுறச் சரிவுகளும் சேர்ந்ததே இந்த ரிசர்வேஷன். பள்ளத்தாக்கின் அடியில் ராவே ஆற்றின் மேற்குக் கிளை வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது. கிழக்கு முகட்டின் மீது கிரெஸ்ட் டிரைவ் என்னும் சாலை செல்கிறது. இந்த ஒரு படத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் வழி தவறுவது கடினம்: தண்ணீர்ச் சத்தம் கேட்கும் பக்கம் பள்ளம், வானம் அகலமாகத் தெரியும் பக்கம் முகடு, ஆற்றின் போக்கோடு நடந்தால் கடைசியில் மில்பர்ன் வந்துவிடும்.

காலடியில் இருப்பது ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் வெளிப்பட்ட எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல். நனைந்தால் எண்ணெய் தடவிய அம்மிபோல வழுக்கும் கல் இது. அருவிகளை உண்டாக்கியதும், ஆண்டுதோறும் பலரின் கணுக்காலைப் பதம் பார்ப்பதும் இதே கல்தான்.

எசெக்ஸ் கவுன்ட்டி தன் பூங்கா ஆணையத்தை 1895-இல் ஏற்படுத்தியது. அமெரிக்காவில் ஒரு கவுன்ட்டி தனக்கென்று அமைத்த முதல் பூங்கா அமைப்பு அது. அந்நாளில் இந்த மலைச்சரிவுகள் பலமுறை வெட்டப்பட்டவையாக இருந்தன. ஆற்றங்கரையில் காகித ஆலைகள் இயங்கியிருந்தன. எனவே நீங்கள் இன்று காண்பது ஆதிக்காடு அன்று. விட்டுவைத்ததால் மீண்டெழுந்த காடு. வடிவமைப்பை ஓம்ஸ்டெட் சகோதரர்கள் நிறுவனம் செய்தது. 1930-களில் வேலையற்ற இளைஞர்களுக்காக அமைக்கப்பட்ட குடிமக்கள் இயற்கைவளப் பாதுகாப்புப் படையினர் நடைபாலங்களையும் தடங்களையும் நிழற்கூடங்களையும் கட்டினார்கள். காட்டின் நடுவே திடீரெனத் தென்படும் கற்சுவரும் தூண்களும் பாழடைந்த கோட்டையின் எச்சங்கள் அல்ல. பழைய பிக்னிக் கூடங்களின் மிச்சம்.

இரண்டாம்படி: வண்ணக் குறிகளைப் படிக்கக் கற்றல்

தடங்கள் மரங்களில் பூசிய வண்ணப் பட்டைகளால் அடையாளப்படுத்தப்பட்டுள்ளன. மூன்றை மட்டும் முதலில் நினைவில் கொள்ளுங்கள். மஞ்சள் பட்டை லெனாபே தடத்துக்கு உரியது. இம்மண்ணின் தொல்குடிகளின் பெயர் தாங்கிய அத்தடம் கவுன்ட்டியின் பல பூங்காக்களை இணைத்து நூவர்க் நகரம்வரை ஏறத்தாழ 34 மைல் செல்கிறது. இங்கே நடப்பது அதன் ஒரு பகுதி மட்டுமே. வெள்ளைப் பட்டை ஆற்றை ஒட்டிச் செல்லும் ராவே தடம். ஆரஞ்சுப் பட்டை வடபுறத்திலுள்ள டர்ட்டில் பேக் பாறையைச் சுற்றும் தடம்.

ஒற்றைப் பட்டை தெரிந்தால் நேரே செல்லலாம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பட்டைகள் இருந்து, மேல்பட்டை வலப்பக்கம் விலகியிருந்தால் பாதை வலப்பக்கம் திரும்புகிறது. இடப்பக்கம் விலகியிருந்தால் இடப்பக்கம். மூன்று பட்டைகள் முக்கோணமாக நின்றால் தடத்தின் தொடக்கம் அல்லது முடிவு. நூறு அடி நடந்தும் அடுத்த பட்டை தென்படவில்லையென்றால், முன்னே சென்று தேடாமல், கடைசியாகக் கண்ட பட்டைக்குத் திரும்பிவிடுவதே சரி. வழி தவறியவர்கள் பெரும்பாலும் தொலைந்துபோவது தவறான திருப்பத்தில் அல்ல. அதற்குப் பின் பிடிவாதமாக நடந்த கால் மைலில்தான்.

காட்டுக்குள் பழைய வண்டிப்பாதைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அவை அகலமாகவும் அழைப்பதாகவும் இருக்கும். ஆனால் பட்டை இருக்காது. எனவே வரைபடத்தை வீட்டிலேயே கைபேசியில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கின் அடியில் இணைப்பை நம்பியிருக்க வேண்டாம்.

மூன்றாம்படி: முதல் நடை

முதன்முறை வருபவர் எந்தப் பருவத்தில் வந்தாலும் லோகஸ்ட் க்ரோவிலிருந்து மஞ்சள் பட்டையைப் பிடித்து மேலேறுவதே நல்லது. தொடக்கத்திலேயே செங்குத்தாக ஏறுவதால் மூச்சிரைக்கும். ஆனால் அரை மணிக்குள் வாஷிங்டன் பாறை என்னும் முகட்டு விளிம்பு வந்துவிடும். தெற்கும் தென்கிழக்குமாகச் சமவெளி விரிந்து கிடப்பதை அங்கே நின்று காணலாம். அமெரிக்க விடுதலைப் போரின்போது இந்த மலைத்தொடர், மோரிஸ்டவுனில் தங்கியிருந்த வாஷிங்டனின் படைக்கு இயற்கை மதிலாக இருந்தது. 1780 ஜூன் 23 அன்று பிரிட்டிஷ் வீரர்களும் அவர்களோடு போரிட்ட ஹெஸ்ஸிய (ஜெர்மானிய) வீரர்களும் மலைக்குக் கீழேயுள்ள ஸ்பிரிங்ஃபீல்டில் தாக்கியபோது அவர்களின் நகர்வைக் கண்காணிக்க உதவிய உயரங்களில் இதுவும் ஒன்று. இலைகள் அடர்ந்த ஜூலையில் நின்று பார்ப்பவருக்கு இந்தச் செய்தி ஏட்டுச் செய்தியாகவே தோன்றும். டிசம்பரில் நின்று பார்த்தால் காரணம் கண்முன்னே தெரியும்.

உடலில் தெம்பும் கையில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாத பொழுதும் இருந்தால் மஞ்சள் பட்டையிலேயே வடக்கு நோக்கித் தொடருங்கள். மேப்பிள் அருவி என்னும் சிறிய நீர்ச்சரிவையும் பால்ஸ் பிளஃப் என்ற இடத்திலுள்ள பழைய கற்தூண்களையும் கடந்து ஹெம்லாக் அருவியை அடைவீர்கள். ஏறத்தாழ 25 அடி உயரமுள்ள அருவி அது. குற்றாலத்தை மனத்தில் வைத்து வந்தவர்கள் ஏமாறுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கரும்பாறை மடிப்புகளில் தண்ணீர் இழை இழையாகப் பிரிந்து விழுவதுதான் அதன் அழகு. அங்கிருந்து வெள்ளைப் பட்டையைப் பிடித்து ஆற்றோரமாகவே இறங்கி வந்தால் மொத்தச் சுற்று ஏறத்தாழ 6 மைல். சிறு குழந்தைகளும் முதியவர்களும் உடன்வந்தால் இந்தச் சுற்றை விட்டுவிட்டு, சவுத் ஆரஞ்சு அவென்யூ பக்கத்து வாகன நிறுத்தத்திலிருந்து அருவிக்கு நேராகச் செல்லலாம். ஒரு மைலுக்கும் குறைந்த நடைதான். லோகஸ்ட் க்ரோவுக்கு அருகில் மரவேர்களின் இடுக்கில் சுள்ளியும் பாசியும் கொண்டு கட்டிய சின்னஞ்சிறு தேவதை வீடுகள் வரிசையாக வரும் பகுதி ஒன்றுண்டு. ஐந்து வயதுக் குழந்தைக்கு அருவியைவிட அதுவே பெரிது.

நான்காம்படி: பருவத்துக்கேற்ற நடை

முன்பனி, அதாவது டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை, இக்காட்டின் மிகச் சிறந்த காலம் என்பது என் கருத்து. இலையற்ற கிளைகளின் வழியாக மலையின் எலும்பு தெரிகிறது. எதிர்முகடும் ஆற்றின் வளைவும் கீழே ஊரின் கூரைகளும் ஒருங்கே புலப்படுகின்றன. பீச் மரங்களின் இளங்கன்றுகள் மட்டும் காய்ந்த வெளிர் இலைகளை உதிர்க்காமல் வசந்தம்வரை பிடித்துக்கொண்டிருக்கும். காற்றடித்தால் ஓலைச்சுவடியைப் புரட்டுவதுபோன்ற ஓசை எழும். கடுங்குளிர் ஒரு வாரம் நீடித்தால் ஹெம்லாக் அருவி உறைந்து நிற்கும்.

இப்பருவத்தின் ஆபத்து பனி அல்ல, பனிக்கட்டி. புதிதாகப் பெய்த பனியில் சாதாரண மலைநடைக் காலணியோடு நடக்கலாம். ஆனால் பலர் மிதித்து இறுகிய பனி, பகலில் சற்று உருகி இரவில் உறைந்து, சுற்றிலும் மண் தெரிகிற நாளிலும் பாதையில் மட்டும் கண்ணாடிப் பட்டையாகக் கிடக்கும். காலணியின் அடியில் மாட்டும் மைக்ரோஸ்பைக் எனப்படும் முள்சங்கிலியை வாங்கிப் பையில் போட்டுவையுங்கள். பருத்தி உடையைத் தவிருங்கள்; வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடலைக் குளிரச்செய்யும். கம்பளியோ செயற்கை இழையோ உள்ளே, காற்றைத் தடுக்கும் மேலங்கி வெளியே என அடுக்கி அணிந்து, ஏறும்போது ஓரடுக்கைக் கழற்றிவிடுங்கள். டிசம்பரில் மாலை நான்கரைக்கே சூரியன் மறைந்துவிடும். பள்ளத்தாக்கில் அதற்கும் முன்பே இருள் இறங்கும். மதிய உணவுக்குப் பின் தொடங்கும் நீண்ட நடை வேண்டாம்.

இன்னொன்று. இக்காட்டில் மான்கள் அளவுக்கு மீறிப் பெருகி இளஞ்செடிகளை எல்லாம் மேய்ந்துவிட்டதால், 2008 முதல் கவுன்ட்டி குளிர்காலத்தில் மான்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் வேட்டைத் திட்டத்தை நடத்தியிருக்கிறது. அத்தகைய நாட்களில் காடு பொதுமக்களுக்கு மூடப்படும். ஜனவரி, பிப்ரவரியில் வாரநாட்களில் வர எண்ணுபவர்கள் கவுன்ட்டி பூங்காத் துறையின் அறிவிப்பை முதல்நாளே பார்த்துவிட வேண்டும்.

பின்பனி, பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை. யாரும் வராத பருவம், சேற்றின் பருவம். காலையில் உறைந்த மண் கெட்டியாக இருக்கும், மதியம் அதே பாதை களியாகிவிடும். ஆகவே ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்குள் முடித்துவிடுங்கள். சேறு வந்தால் அதன் நடுவிலேயே மிதித்துச் செல்வதுதான் முறை. ஓரமாக ஒதுங்கி நடந்தால் பாதை ஆண்டுக்கு ஆண்டு அகன்று, ஓரத்துச் செடிகள் அழிந்துபோகும். இந்த நாட்களில் கிரெஸ்ட் டிரைவில் வாகனங்கள் செல்லாத பகுதியில் நடப்பது காலணிக்கும் காட்டுக்கும் நல்லது.

ஆற்றோரச் சதுப்புகளில் கூர்ந்து பாருங்கள்: பனியைத் துளைத்துக்கொண்டு கத்தரிப்பூ நிறத்தில் கொம்புபோல ஒன்று எழுந்து நிற்கும். ஸ்கங்க் முட்டைக்கோஸ் என்று பெயர். தன் உடலில் தானே வெப்பத்தை உண்டாக்கிச் சுற்றியுள்ள பனியை உருக்கும் அரிய செடிகளுள் ஒன்று. முகர்ந்து பார்க்கும் ஆவல் எழுந்தால் அடக்கிக்கொள்வது நல்லது. அழுகிய இறைச்சியின் நாற்றத்தால் ஈக்களை அழைக்கும் பூ அது. மார்ச் இறுதியில் ஸ்பைஸ்புஷ் புதர்களின் கிளைகளில் மஞ்சள்தூளைத் தூவியதுபோலப் பூக்கள் வரத் தொடங்கும்.

இளவேனில், ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை, இரண்டு அவசரக் கூத்துகளின் காலம். முதலாவது தரைப்பூக்கள். மரங்கள் இலை விரித்து ஒளியை மறைப்பதற்குள் முளைத்துப் பூத்து விதைத்து மறைந்துவிட வேண்டிய சிறுசெடிகள் இவை. ஸ்பிரிங் பியூட்டி, டிரவுட் லில்லி, பிளட்ரூட் ஆகியவற்றைக் காண ஏப்ரலின் பின்பாதியில் இரண்டு வாரங்களே கிடைக்கும். காட்டின் சில பகுதிகளில் மான் நுழையாதபடி உயர்ந்த கம்பிவேலி இட்டிருக்கிறார்கள். வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் தரையை ஒப்பிட்டுப் பாருங்கள்; மான் என்ற ஒரே விலங்கு ஒரு காட்டை எவ்வளவு மாற்றிவிடும் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது. வேலிக்கதவு வழியாகச் சென்றால், நுழைந்த உடனே சாத்துங்கள்.

இரண்டாவது பறவைகள். மே மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் தெற்கிலிருந்து வடக்கே செல்லும் வார்ப்ளர்கள் இம்முகடுகளில் இரைதேடி இறங்குகின்றன. விடியற்காலை ஆறு மணிக்கு ராவே தடத்தில் மெதுவாக நடந்தால் ஒரு மணி நேரத்தில் பத்துவகைக் குரல்களைக் கேட்கலாம். மாலையில் வுட் திரஷ் பாடும். ஒரே நேரத்தில் இரண்டு சுரங்களை எழுப்பும் குரல்வளை அதற்குண்டு.

முதுவேனில், ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை, கூட்டத்தின் பருவம். வாரயிறுதிகளில் வாகன நிறுத்தங்கள் நிரம்பிவிடுவதால் காலை ஒன்பதுக்குள் வந்துவிடுங்கள். அடர்ந்த நிழல் வெயிலைக் குறைத்தாலும் காற்றின் புழுக்கம் சென்னையை நினைவூட்டும். ஒருவருக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் என்று கணக்கிடுங்கள். பிற்பகலில் மேற்கே வானம் கறுத்தால் வாஷிங்டன் பாறையிலோ திறந்த திடலிலோ நிற்காதீர்கள். இடி கேட்கும் தொலைவில் மின்னலும் தாக்கும். இப்பருவத்தில் நடப்பதற்கு ஆரஞ்சுப் பட்டை டர்ட்டில் பேக் தடத்தைப் பரிந்துரைக்கிறேன். ஏறத்தாழ 2 மைல் நீளமுள்ள அச்சுற்றில், வெடிப்புகளால் ஆமை ஓடுபோலப் பலகோணக் கட்டங்கள் விழுந்த பாறையைக் காணலாம். அந்தப் பெயரையே அருகிலுள்ள விலங்குக்காட்சிசாலைக்கும் வைத்தார்கள். அது 1963-இல் திறக்கப்பட்டது.

கார், ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை. கார்காலம் என்ற பெயர் இங்கும் பொருந்திவிடுகிறது. அட்லாண்டிக் கடலில் பிறக்கும் புயல்களின் எச்சம் வந்து கொட்டுவது இம்மாதங்களில்தான். 2021 செப்டம்பர் முதல் நாளில் ஐடா புயலின் மிச்சம் ராவே ஆற்றைப் பெருக்கெடுக்கச் செய்து மில்பர்ன் ஊரையே வெள்ளக்காடாக்கியது. பெருமழைக்கு மறுநாள் அருவி மிக அழகாக இருக்கும் என்பது உண்மை. அதே நாளில் ஆற்றோரத் தடம் மிக மோசமாக இருக்கும் என்பதும் உண்மை. மழை நின்று ஒரு முழுநாள் கழித்து, முகட்டுப் பாதை வழியாக அருவிக்கு வந்து, அதே வழியில் திரும்புவது இரண்டுக்கும் நடுவிலான தீர்வு. ஊறிய மண்ணில் வேர்பிடிப்புத் தளர்ந்த மரங்கள் காற்றில்லாமலே சாயக்கூடும் என்பதால் காய்ந்த பெரிய மரங்களின் அடியில் உட்கார வேண்டாம்.

செப்டம்பர் நடுவில், வடக்குக் காற்று வீசும் தெளிந்த நாளில், முகட்டில் நின்று அண்ணாந்து பாருங்கள். அகன்ற சிறகுப் பருந்துகள் வெப்பக் காற்றில் வட்டமிட்டு ஏறி, கூட்டங்கூட்டமாகத் தெற்கே வழுக்கிச் செல்லும். இதே முகட்டின் வடக்கே மான்ட்கிளேரில் இவற்றை எண்ணுவதற்கென்றே ஒரு பார்வையிடம் உண்டு.

கூதிர், அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை. நிறங்களின் உச்சம் பெரும்பாலும் அக்டோபர் கடைசி வாரத்தையும் நவம்பர் முதல் வாரத்தையும் ஒட்டி வரும். மேப்பிள் சிவந்து முதலில் உதிரும். டூலிப் மரம் பொன்னாகும். ஓக் மரங்கள் கடைசியாகத் துருநிறம் பூண்டு நவம்பர் நடுவரை நிற்கும். கூட்டத்தைத் தவிர்க்க விரும்புபவர் ஓக் மரங்களின் வாரத்துக்காகக் காத்திருக்கலாம். அழகுக்கு அடியில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது: கணுக்கால் ஆழத்துக்கு உதிர்ந்த இலைகள் வேரையும் கல்லையும் மறைத்துவிடும். ஊன்றுகோல் ஒன்று கையில் இருந்தால் அடியெடுத்து வைக்குமுன் துழாவிப் பார்க்கலாம். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே நகர்வதால், முதல்நாள்வரை ஆறு மணிக்கு அருகில் வந்த மாலை திடீரென ஐந்துக்கு முன்பே வந்துவிடும். அந்த வாரத்தில் இருட்டில் மாட்டிக்கொள்ளும் குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். நெற்றியில் கட்டும் விளக்கு ஒன்று பையிலேயே இருக்கட்டும்.

ஐந்தாம்படி: திடலும் சோறும்

லோகஸ்ட் க்ரோவ், ரயிலில் வருபவர்களுக்கும் சிறுகுழுவுக்கும் ஏற்றது. டூலிப் ஸ்பிரிங்ஸ், வடபகுதியில் நடப்பவர்களுக்கு வசதி. தனிமையை விரும்பினால் திடலையே நாடாமல் கிரெஸ்ட் டிரைவ் ஓரத்தில் காட்சி தெரியும் இடத்தில் விரிப்பைப் போடலாம். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வரும் பிறந்தநாள் விருந்து, சங்கக் கூடல் போன்றவற்றுக்குத் திடலை முன்பதிவு செய்து அனுமதி பெறும் முறை உண்டா, ஒலிபெருக்கிக்கும் கரி அடுப்புக்கும் என்ன விதி என்பனவற்றைக் கவுன்ட்டி பூங்காத் துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தடங்களில் கழிவறை கிடையாது. நடக்கத் தொடங்குமுன் அந்த ஏற்பாட்டை முடித்துக்கொள்வதே புத்தி.

கரி அடுப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். 2024 அக்டோபர், நியூஜெர்சியில் ஏறக்குறைய மழையே இல்லாத மாதமாகக் கழிந்தது. நவம்பரில் மாநிலம் முழுவதும் காட்டுத்தீ மூண்டபோது இந்த ரிசர்வேஷனிலும் தீப்பற்றியது. அப்போது கரி அடுப்பு உட்படத் திறந்த நெருப்புக்கு மாநிலம் தடைவிதித்திருந்தது. இலைச்சருகு காய்ந்த இலையுதிர்காலத்திலும், மரங்கள் இன்னும் தளிர்க்காத ஏப்ரலிலும் இங்கே தீப்பற்றும் வாய்ப்பு மிகுதி. வெயில் கொளுத்தும் ஜூலையில் பசுமையின் ஈரம் ஓரளவு காக்கிறது. அணைந்ததுபோலத் தோன்றும் கரியில் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் கொண்டுசென்றால் சூடு தெரியாத நிலைவரை விடாதீர்கள்.

நம் கட்டுச்சோறு நெருப்பில்லாப் பிக்னிக்குக்கென்றே பிறந்தது. புளியோதரையும் எலுமிச்சைச் சோறும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் மற்ற உணவுகளைவிட நன்றாகத் தாங்கும். தயிர்ச்சோற்றைப் பாலில் பிசைந்து இரண்டு கரண்டி தயிர் மட்டும் விட்டு எடுத்துவந்தால் நண்பகலில் புளிக்காமல் பதமாக இருக்கும். ஆனாலும் குளிர்ப்பெட்டியில்தான் வரவேண்டும். கெடக்கூடிய உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல், வெப்பம் 90 பாரன்ஹீட்டைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல், வெளியில் வைக்கக் கூடாது என்பது இந்நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. முன்பனியில் கதை தலைகீழ்: சோறு விறைத்துப்போகும், விரல்கள் அதற்கும் முன் விறைத்துப்போகும். அப்போது பிளாஸ்கில் மிளகு ரசமும் சுக்குக் காப்பியும் எடுத்துவந்து, கையுறையோடு பிடித்து உண்ணக்கூடிய சப்பாத்திச் சுருளை வைத்துக்கொள்ளுங்கள். மரமேசையின் பனியைத் துடைக்க ஒரு துணி, உட்காரத் தடித்த விரிப்பு, வெயில் விழும் தென்புறச் சரிவு ஆகிய மூன்றும் இருந்தால் ஜனவரி மதியத்திலும் அரைமணி நேரம் சுகமாக உட்காரலாம். குப்பைத்தொட்டி இல்லை என்றே எண்ணிக்கொண்டு, தட்டு முதல் கறிவேப்பிலை வரை எல்லாவற்றையும் திருப்பி எடுத்துச் செல்லுங்கள். சிதறிய சோறு அணிலையும் ரக்கூனையும் மனிதர்களை நாடப் பழக்கிவிடும்.

ஆறாம்படி: செடியும் உண்ணியும்

காட்டில் அஞ்ச வேண்டியது கரடிக்கு அல்ல. முதலாவது பாய்சன் ஐவி. ஒரு காம்பில் மூன்று இலைகள், நடு இலைக்கு மட்டும் நீண்ட காம்பு. மரத்தில் ஏறினால் தண்டு மயிரடர்ந்த கயிறுபோல இருக்கும். தொட்டால் மறுநாளோ அடுத்த நாளோ கொப்புளமும் அரிப்பும் எழும். நம் ஊர்ச் சேங்கொட்டையும் மாவும் முந்திரியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்த அனுபவம் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இலையில்லாத குளிர்காலத்திலும் தண்டில் அந்த எண்ணெய் இருக்கும். பட்டுவிட்டதாக ஐயம் எழுந்தால் உடனே சோப்பிட்டுக் கழுவுங்கள்.

இரண்டாவது உண்ணி. லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணியின் இளம்பருவம் கசகசாவின் அளவே இருக்கும்; மே முதல் ஜூலைவரை அதன் உச்சம். முதிர்ந்த உண்ணி அக்டோபர், நவம்பரில் மீண்டும் பெருகும். குளிர்காலத்திலும் உறைநிலைக்கு மேல் வெப்பம் ஏறிய நாட்களில் வெளிவரும். ஆகவே உண்ணி இல்லாத பருவம் என்று ஒன்றை நம்பாதீர்கள். பாதையின் நடுவில் நடந்து, காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகி, வெளிர்நிற உடை அணியுங்கள். பெர்மெத்ரின் மருந்தை உடையிலும் காலணியிலும் மட்டும் தெளிக்கலாம். தோலில் பூசக் கூடாது.

வீடு திரும்பியதும் உடைகளைத் துவைப்பதற்கு முன்பே உலர்த்தும் எந்திரத்தில் உயர்வெப்பத்தில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். துவைத்தாலும் சாகாத உண்ணி வறண்ட வெப்பத்தில் செத்துவிடும். பிறகு குளித்து, முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள், காதின் பின்புறம், குழந்தைகளின் மயிர்க்கால் ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். ஒட்டியிருக்கும் உண்ணியை, தீக்குச்சியோ எண்ணெயோ வைக்காமல், கூர்நுனி இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். லைம் நோய் பரவப் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேல் உண்ணி ஒட்டியிருக்க வேண்டும் என்பதால் அன்றிரவே எடுத்துவிடுவது பெரும் பாதுகாப்பு. எடுத்த தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அன்றிலிருந்து 3 முதல் 30 நாட்களுக்குள் காய்ச்சலோ மூட்டுவலியோ படரும் தடிப்போ வந்தால் மருத்துவரிடம் அந்தத் தேதியைச் சொல்லுங்கள். மருத்துவக் கையேடுகளின் படங்களில் காணும் செவ்வளையம் நம் போன்ற கருந்தோலில் அப்படியே தெரியாது. கன்றிய தழும்புபோல மங்கலாகத்தான் தெரியும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.